நெடும்பயணத்தில் டொயோட்டா அக்வா: திருகோணமலை வீதிகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் ஹைபிரிட் கார், அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், வைத்திருக்கும் நால்வரிடம் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று கேட்டால் நான்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கும். ஒருவர் 30 என்பார், இன்னொருவர் 18 என்று சலித்துக்கொள்வார். இவர்களில் எவரும் பொய் சொல்ல வேண்டிய தேவையில்லை. ஒரே கார், ஒரே சாரதி, ஒரே தாங்கிப் பெற்றோல் என்ற நிலையிலும் இந்த இரண்டு எண்களுமே வரக்கூடும். அப்படி வருவதற்கான காரணங்களை ஒரு குறிப்பிட்ட வாகனத்தை வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வாகனம் உவர்மலையில் வசிக்கும் என் அக்காவும் அத்தானும் பயன்படுத்தும், ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான டொயோட்டா அக்வா. நகருக்குள் பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி என்று ஓடுவதோடு கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களுக்கும் அவர்கள் அதில்தான் சென்று வருகிறார்கள். அத்தானின் குறை சுருக்கமானது: "ரவுணுக்குள்ளயும் இருவதுக்கு மேல போகுதில்ல, கொழும்புக்குப் போனாலும் அதே இருவதுதான். பிறகென்ன ஹைபிரிட், தம்பி?" வாகனத்தில் பழுது இருக்கலாம் என்ற ஐயத்தில் அவர் ஒரு கராஜில் கணினியைப் பொருத்திப் பரிசோதித்தும் இருந்தார். குற்றம் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே, பழுதில்லாத ஒரு ஹைபிரிட் ஏன் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை என்பதே கேள்வியாக மீந்தது.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது

அக்வா 2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமானபோது அந்நாட்டின் ஜேசி08 சோதனை முறையில் லீற்றருக்கு 35.4 கி.மீ. என்றும், அதற்கு முந்திய 10-15 முறையில் 40 கி.மீ. என்றும் அதன் எரிபொருள் சிக்கனம் குறிக்கப்பட்டது. இலங்கையில் விற்பனையாளர்கள் வாயிலும் வாங்குபவர்கள் மனத்திலும் பதிந்தவை இந்த எண்களே. ஜேசி08 என்பது ஆய்வுகூடத்தில் உருளைகள் மீது ஏறத்தாழ 8 கி.மீ. தூரம் ஓட்டிப் பார்க்கும் சோதனை. அதன் சராசரி வேகம் மணிக்கு 24 கி.மீ. அளவானது, உச்ச வேகம் 82 கி.மீ.ஐத் தொடுவதில்லை, குளிரூட்டி இயங்குவதுமில்லை. கந்தளாய் வெயிலில் நான்கு பேரும் பொதிகளுமாக ஏசி போட்டுக்கொண்டு போகும் பயணத்துக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

இதே கார் அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்கப்பட்டது. அங்கே அரசாங்கச் சுற்றாடல் முகவரகம் 2012 ஆம் ஆண்டு மாதிரிக்குக் கொடுத்த மதிப்பீட்டை நமது அலகுக்கு மாற்றினால் நகரத்தில் லீற்றருக்கு 22.5 கி.மீ., நெடுஞ்சாலையில் 19.6 கி.மீ., இரண்டும் கலந்து 21.3 கி.மீ. என்று வரும். அந்த மதிப்பீட்டு முறையில் அதிவேக ஓட்டமும் குளிரூட்டியின் சுமையும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. அத்தானின் 20 இந்த வரிசைக்குள் இயல்பாகவே பொருந்துகிறது. இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும்: சாதாரண பெற்றோல் கார் ஒன்றுக்கு நெடுஞ்சாலை எண்தான் பெரிதாக இருக்கும், இந்தக் காருக்கு அது தலைகீழாக இருக்கிறது. நீண்ட பயணத்துக்கென்றே ஹைபிரிட் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுவாகும்.

வாகனத்தின் அமைப்பு

இதில் இருப்பது 1.5 லீற்றர், நான்கு சிலிண்டர் எஞ்சின். உள்வாங்கும் வால்வைத் தாமதமாக மூடி, அழுத்தும் தூரத்தைவிட விரியும் தூரத்தை அதிகமாக்கும் அட்கின்சன் சுழற்சியில் அது இயங்குகிறது. இதனால் வெப்பத்திலிருந்து கூடுதல் வேலை பெறப்படுகிறது. அதற்கு விலையாக எஞ்சினின் பலம் குறைகிறது. இந்த எஞ்சினின் உச்ச வலு 54 கிலோவாற், அதாவது 74 குதிரை வலு மட்டுமே. அதனோடு 45 கிலோவாற் மின்மோட்டார் ஒன்றும், தனியாக ஒரு மின்பிறப்பாக்கியும், இவை மூன்றையும் இணைக்கும் கோள்வகைப் பற்சக்கரத் தொகுதியும் உள்ளன. வழக்கமான கியர்ப்பெட்டியோ கிளச்சோ கிடையாது. பின்னிருக்கையின் கீழுள்ள நிக்கல் உலோக ஹைதரைட்டு மின்கலத் தொகுதி 144 வோல்ற், 6.5 அம்பியர் மணி கொண்டது. பெருக்கினால் ஏறத்தாழ 0.94 கிலோவாற் மணி வரும். மின்கலம் நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காக அதன் மின்னேற்றம் பெரும்பாலும் 40 முதல் 80 வீதத்துக்கு இடையில்தான் வைத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே நாளாந்த ஓட்டத்தில் புழங்குவது 0.4 கிலோவாற் மணிக்கும் குறைவான சக்தியே. நால்வரை ஏற்றிய இந்தக் காரைச் சமதரையில் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதற்குச் சுமார் 5 கிலோவாற் வேண்டும் என்று கணக்கிட்டால், முழுதாக ஏறிய மின்கலமும் நான்கு அல்லது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கை அத்தானிடம் போட்டுக் காட்டியபோதுதான் பேச்சு சரியான பாதைக்கு வந்தது. "கரண்டில் ஓடும் கார்" என்ற நினைப்பே மயக்கத்தின் வேர். காரின் சக்தி முழுவதும் பெற்றோலிலிருந்தே வருகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போவதில் ஒரு பகுதியைச் சிறிது நேரம் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பதும், எஞ்சினைத் திறன் குறைந்த நிலைகளில் ஓடவிடாமல் நிறுத்தி வைப்பதுமே மின்கலத்தின் வேலை. பிரேக்கே பிடிக்காத நேர்வீதியில் அந்த வேலைக்கு இடம் மிகக் குறைவு. அங்கே சிக்கனத்தைத் தருவன அட்கின்சன் எஞ்சின், 0.28 என்ற குறைந்த காற்றெதிர்ப்புக் குணகம், 1080 கிலோ என்ற சிறிய எடை ஆகிய மூன்றும்தான்.

அளந்த விதம்

காரின் திரையில் தோன்றும் சராசரியை மட்டும் நம்பினால் இந்த ஆய்வு எதற்கும் உதவாது. தாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடியும் அதே நிலையத்தில் அதே பம்பில் முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்பி வகுத்துப் பார்த்தால், திரை காட்டுவது அநேகமாகச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. திரை 25 என்று காட்டினால் கணக்கு 23.5ஐ ஒட்டி வந்தது. மறுபுறம், நிரப்பும் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கொழும்புக்கு ஒருவழி ஓட 11 லீற்றர் செலவாகும் என்றால், கடைசியில் "இன்னும் கொஞ்சம் அடியுங்கோ" என்று ஒரு லீற்றரைக் கூடுதலாக ஊற்றினாலே விடை 9 வீதம் பிசகிவிடும். ஆகவே தனித்த ஒரு பயணத்தின் எண்ணை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், ஒரே வகைப் பயணங்களின் தொகுதியைச் சேர்த்தே கணித்தோம். கீழே வரும் எண்கள் அவ்வாறு பெற்றவை. அவற்றை அண்ணளவானவையாகவே வாசிக்க வேண்டும்.

பெற்றோல் 92 ஒக்டேன் மட்டுமே பயன்படுத்தப்பட்டது. ஜப்பானியத் தரநிலையில் சாதாரண பெற்றோலின் ஒக்டேன் குறைந்தது 89; அக்வா அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அழுத்த விகிதம் கூடிய எஞ்சினுக்கு உயர்ந்த ஒக்டேன் வேண்டும் என்பதால், அது இங்கே 13.4 என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் 95 ஊற்றுகிறார்கள். வால்வு தாமதமாக மூடுவதால் உண்மையில் நிகழும் அழுத்தம் அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. எனவே 95க்குக் கொடுக்கும் மேலதிகக் காசு இந்த எஞ்சினில் திரும்பி வராது.

நகருக்குள் கிடைத்த எண் பலரை வியக்க வைக்கும்: லீற்றருக்கு 18 கி.மீ. அளவு. ஹைபிரிட் நகரத்தில் சிறக்கும் என்பது கொழும்பு போன்ற நெரிசல் நகரத்துக்குப் பொருந்தும். திருகோணமலையில் உவர்மலையிலிருந்து எங்கே போனாலும் இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். குளிர்ந்த எஞ்சின் தன்னையும் புகைபோக்கியில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியையும் சூடாக்குவதற்காக, காருக்குத் தேவையில்லாதபோதும் ஓடுகிறது. அது சூடேறி அடங்கும் நேரத்தில் சந்தை வந்துவிடும். இறங்கிச் சாமான் வாங்கி வருவதற்குள் எஞ்சின் ஆறத் தொடங்குகிறது. அத்தானின் முதலாவது 20 இப்படி விளங்கியது. இரண்டாவது 20க்கு வீதியில் இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹபரணை வீதியும் கச்சான் காற்றும்

கொழும்புக்கு ஏறத்தாழ 260 கி.மீ. ஏ6 வீதியில் தம்பலகாமம், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று அது தென்மேற்காகவே செல்கிறது. இந்தத் திசை மிக முக்கியமானது. வைகாசி முதல் புரட்டாதி வரை கிழக்குக் கரையில் வீசும் கச்சான், மழையையெல்லாம் மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, வரண்ட வெப்பக் காற்றாகத் தென்மேற்கிலிருந்து இறங்கி வருகிறது. ஆகவே அந்த மாதங்களில் கொழும்புக்குப் போகும் கார் காற்றின் முகத்துக்கு நேரே போகிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓட, எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், காரின் முகப்பு உணர்வது 100 கி.மீ. வேகத்துக் காற்றை; எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. டயர்களின் உருளல் எதிர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் காரை இழுக்கத் தேவையான விசை அண்ணளவாக 30 வீதம் கூடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. அப்போது மிச்சமாவது 24 வீதம் அளவே. போன இழப்பு வந்த லாபத்தால் முழுதாக ஈடாவதில்லை, ஆனாலும் பெரும்பகுதி ஈடாகிவிடும். தாங்கியைக் கொழும்பில் நிரப்பி ஒருவழிக் கணக்கை மட்டும் பார்ப்பவர் காரைக் குறை சொல்வார். இருவழிக் கணக்கைப் பார்ப்பவருக்கு அந்தக் குறை தென்படாது. அத்தான் வழக்கமாக நிரப்பியது கொழும்பில்தான்.

வேகமும் நேரமும் சேர்ந்து இந்த வித்தியாசத்தைப் பெருக்கின. விடுமுறைக் காலத்தில் காலைச் சாப்பாட்டை முடித்து ஒன்பது பத்து மணிக்குப் புறப்பட்டு, தம்பலகாமத்து வயல்வெளியில் காற்று வலுக்கும் வேளையில், தாமதத்தை ஈடுசெய்ய 80, 90 என்று மிதித்துப் போனபோது கிடைத்தது லீற்றருக்கு 20 கி.மீ. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி 65க்கும் 70க்கும் இடையில் போனபோது 24 முதல் 25 வரை வந்தது. அதே கார், அதே நால்வர், அதே பொதிகள். கந்தளாய்க்கு அப்பால் இருபுறமும் காடு சூழ்வதால் காற்றின் வேகம் மட்டுப்படுகிறது; அங்கே விடியலிலும் பகலிலும் கிடைக்கும் எண்கள் அவ்வளவு விலகவில்லை. பெரிய விலகல் முதல் 40 கிலோமீற்றரில்தான்.

வேகத்தால் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கி.மீ. தூரத்தை 70 வேகத்தில் கடக்க 86 நிமிடமும், 90 வேகத்தில் கடக்க 67 நிமிடமும் ஆகும். இந்த 19 நிமிடத்துக்காக இந்தக் கார் குடிக்கும் மேலதிகப் பெற்றோல், சக்தித் தேவையை வைத்துக் கணிக்கும்போது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. கட்டடங்கள் செறியாத பகுதிகளில் கார்களுக்குரிய சட்ட வேக எல்லையும் 70தான். ஹபரணைக் காட்டில் மாலையானதும் யானைகள் வீதிக்கு வருகின்றன என்பதை இந்த ஊரில் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் 40, 50 என்று ஊர்ந்து போகும் பகுதிகளில் எஞ்சின் அடிக்கடி நின்று மோட்டார் மட்டும் ஓட்டுவதால், அந்தத் துண்டுகள் மொத்தச் சராசரியைச் சற்று உயர்த்தவே செய்தன.

குருநாகலுக்கும் மீரிகமவுக்கும் இடையே 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் 100ஐ ஒட்டிச் சென்றால் 20 அல்லது அதற்குச் சற்றுக் கீழே. நகர நெரிசலுக்குள் புகுந்ததும் எண் மறுபடி ஏறுகிறது என்பது பெற்றோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்.

எரிபொருள் நெருக்கடியின்போது இந்த வித்தியாசங்கள் வெறும் கணக்காக இருக்கவில்லை. 2022 ஜூன் இறுதியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. அதன் பின்னர் வந்த கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்குத் தொடக்கத்தில் வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 13 கி.மீ. ஓடும் கார் அதைக் கொண்டு கொழும்பைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். 23 ஓடும் அக்வா 460 கி.மீ. ஓடி, திரும்பும் வழியில் ஹபரணையையும் தாண்டிவிடும். 26 ஓடினால் வீடு வந்து சேரும். ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்காகக் கொழும்பு போய்வந்த குடும்பங்கள் பல, 60 வேகத்தில் ஓட்டப் பழகியது அந்த மாதங்களில்தான்.

குளிரூட்டியின் பங்கு

இந்தக் காரில் ஏசியின் கொம்பிரசர் எஞ்சின் பட்டியில் சுழல்வதில்லை, மின்சாரத்தில் இயங்குகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் குளிர் வரும் என்பது வசதி. அந்த மின்சாரமும் பெற்றோலிலிருந்தே பிறக்கிறது என்பது மறுபக்கம். ஏசி தொடர்ந்து ஒரு கிலோவாற் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 90 வேகத்தில் அது ஓட்டத்துக்குத் தேவையான வலுவில் 11 வீதம். 30 வேகத்தில் முக்கால் பங்கு. ஆகவே நெடும்பயணத்தில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி வியர்வையில் நனைவதால் மிஞ்சுவது சொற்பம். ஏசி உண்மையில் விழுங்குவது நகர ஓட்டத்தையும், வெயிலில் நிறுத்தி வைத்த காரில் ஏறியதும் வரும் முதல் பத்து நிமிடத்தையும்தான். கோயிலடியில் கார் நிறுத்துவோர் நிழல் தேடுவதில் எரிபொருள் சிக்கனமும் இருக்கிறது.

மட்டக்களப்பு வீதியும் யாழ்ப்பாணப் பயணமும்

மிகச் சிறந்த எண் கிடைத்தது ஏ15 கரையோர வீதியில். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை என்று மட்டக்களப்பு வரை செல்லும் இந்தப் பாதை சமதரையானது, நெரிசலும் குறைவு. கிராமங்களும் மாடுகளும் அடிக்கடி குறுக்கிடுவதால் வேகம் தானாகவே 60ஐச் சுற்றி நிற்கிறது. இடையிடையே வரும் மெதுவான தணிவுகளில் பிரேக்கின் சக்தி மின்கலத்துக்குப் போய், அடுத்த கிளம்பலுக்கு உதவுகிறது. கிடைத்தது 27. அத்தான் நம்ப மறுத்து மறுபடி அளந்தார், வித்தியாசம் இல்லை. கச்சான் இங்கே பக்கவாட்டிலிருந்து வீசுகிறது. காரைச் சற்று ஆட்டினாலும் எதிரே நிற்பதில்லை.

யாழ்ப்பாணப் பயணம் ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஏ9ஐப் பிடித்துச் செல்வது. ஆனையிறவின் வெட்டவெளியைத் தவிர குறிப்பிடும்படியாக எதுவுமில்லை. 23 அல்லது 24.

மலையேற்றம்

தட்டையான கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு நுவரெலியாப் பயணம்தான் அச்சம் தருவது. கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1868 மீற்றர். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக 77 கி.மீ. தூரத்தில் 1400 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஏற வேண்டும். நால்வரும் பொதிகளும் சேர்ந்து 1400 கிலோ என்று கொண்டால், அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 5 கிலோவாற் மணிக்கு மேல் வேண்டும். மின்கலம் தரக்கூடியது அதில் பதிமூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே ஏற்றம் முழுவதும் எஞ்சினின் தோளில்தான்.

காரின் இழுவை பற்றிய உண்மை வெளிப்படுவதும் இங்கேதான். எஞ்சின் 54 கிலோவாற், மோட்டார் 45 கிலோவாற் என்று எழுதியிருப்பதைக் கூட்டி 99 என்று சிலர் கொள்வார்கள். தயாரிப்பாளர் கொடுக்கும் மொத்த வலு 73 கிலோவாற், அதாவது 100 குதிரை வலு அளவு மட்டுமே. வித்தியாசமான 19 கிலோவாற்றே மின்கலம் வெளியிடக்கூடிய உச்சம். மோட்டாரின் மிகுதி வலு, எஞ்சின் சுழற்றும் மின்பிறப்பாக்கியிலிருந்து வருவது. ஆகவே மின்கலத்தில் மின்னேற்றம் இருக்கும்வரை இது 100 குதிரை வலுக் கார்; இறங்கிவிட்டால் 74 குதிரை வலுக் கார். ஏ6 வீதியில் லொறியொன்றை முந்தும் பத்து விநாடிக்கு முதலாவது கார் கிடைக்கிறது. நின்ற நிலையிலிருந்தே 169 நியூட்டன் மீற்றர் முறுக்கம் தரும் மோட்டார் அந்தக் கணத்தில் தயக்கமில்லாமல் தள்ளுகிறது. றம்பொடை வளைவுகளில் அரை மணி நேரம் தொடர்ந்து ஏறும்போது கிடைப்பது இரண்டாவது கார். மிதியை ஆழ அழுத்தினால் எஞ்சின் ஓர் உயர்ந்த சுழற்சியில் நின்று ஒரே குரலில் ஓலமிடும்; வேகமானி அதற்கேற்ப எழாது. இதைக் கேட்டு எஞ்சின் போய்விட்டது என்று பயந்து காரை ஓரங்கட்டியவர்களை நான் அறிவேன். கியர் மாற்றம் இல்லாத அமைப்பில் அது இயல்பான ஒலி. மெதுவாக வரும் பஸ்ஸுக்குப் பின்னால் பொறுமையாகப் போனால் அந்த ஓலமும் இல்லை, பெற்றோலும் குறையும்.

ஏறும்போது லீற்றருக்கு 15 கி.மீ. அளவு, இறங்கும்போது 40. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 27.5 என்று மகிழக் கூடாது. தூரம் ஒன்றாக இருக்கையில் லீற்றர்களைக் கூட்டித்தான் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் 22க்குச் சற்றுக் குறைவு வருகிறது. இருந்தாலும் இது பகல் கச்சானுக்குள் 90இல் ஓடிய ஹபரணை வீதியைவிட மேலானது. மலை அதிகமாகக் குடிக்கும் என்ற பொது நம்பிக்கை, போய்த் திரும்பும் பயணத்தைப் பொறுத்தவரை இந்தக் காரில் பாதிதான் உண்மை.

இறக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செங்குத்தான பகுதியில் 150 அல்லது 200 மீற்றர் உயரம் இறங்குவதற்குள் மின்கலம் நிறைந்துவிடும். அதன் பின்னர் சக்தியை வாங்கி வைக்க இடமில்லை. திரையில் பச்சைக் கோடுகள் நிறைந்ததும் சாரதிகள் மகிழ்கிறார்கள்; பிரேக்கின் முழுச் சுமையும் உராய்வுத் தட்டுகளுக்கு மாறப்போகும் தருணம் அது. கியர் நெம்பை "பி" (ஆங்கில B; காரை நிறுத்தி வைக்கும் P அல்ல) நிலைக்குக் கொண்டுவந்தால் எஞ்சின் பெற்றோல் எரிக்காமல் வெறுமனே சுழன்று காரைப் பிடித்துக்கொள்ளும். இரைச்சல் கேட்கும், பிரேக் சூடாகாது. சமதரையில் "பி" நிலையில் ஓட்டுவதால் மின்கலம் கூடுதலாக ஏறும் என்று நம்பி நகருக்குள்ளும் அப்படியே ஓட்டுபவர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். அவர்கள் எஞ்சினைச் சும்மா சுழற்றிச் சக்தியை வீணாக்குகிறார்கள்.

பின்னிருக்கையும் மின்கலமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த அக்வாக்களே கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றின் மின்கலங்களும் வயதேறின. ஆகவே நெடும்பயணம் பற்றிய எந்த ஆய்விலும் மின்கலத்தின் உடல்நிலையை விட்டுவிட முடியாது.

மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று காரின் உட்பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்கான துவாரம் பின்னிருக்கையின் பக்கவாட்டில் இருக்கிறது. நெடும்பயணத்துக்குக் கிளம்பும்போது தலையணை, துணிப்பை, கருவாட்டுப் பொதி என்று சாமான்கள் குவிவதும் சரியாக அந்த இடத்தில்தான். நிலாவெளிக் கடற்கரை மணலும் வீட்டு நாயின் உரோமமும் வடிகட்டியை அடைத்துக்கொள்கின்றன. காற்று குறைந்தால் மின்கலம் சூடாகும். சூடானால் கணினி அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும். தொடர்ந்து சூடானால் ஆயுள் சுருங்கும். நண்பகல் வெயிலில் ஓடிய பயணங்களில் பின்பக்கத்து மின்விசிறி உரத்து இரைந்ததை அக்காதான் முதலில் கவனித்துச் சொன்னார். வடிகட்டியைக் கழற்றித் துப்புரவாக்கியதோடு பொதிகளையும் பின்பெட்டிக்கு மாற்றினோம். இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. லீற்றருக்கான எண்ணில் அளந்து சொல்லும்படியான மாற்றம் எதுவும் வரவில்லை. அந்த வேலையின் பயன் மின்கலத்தின் ஆயுளில்தான் தெரியவரும்.

மின்கலத் தொகுதியில் 7.2 வோல்ற் கொண்ட 20 பிரிவுகள் தொடராக இணைந்துள்ளன. ஒன்று பலவீனப்பட்டால் முழுத் தொகுதியும் அதன் அளவுக்கே இயங்கும். கெட்டதை மட்டும் மாற்றித் தரும் வேலை மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய பத்தொன்பதோடு வேறு வயதுடைய ஒன்றைச் சேர்க்கும்போது அவற்றின் கொள்ளளவு ஒத்துப்போகாமல், சில மாதங்களில் இன்னொன்று சரிவது சாதாரணமாக நடக்கிறது. மாற்றுவதானால் பிரிவுகள் அனைத்தையும் அளந்து, கொள்ளளவு நெருங்கியவற்றை மட்டும் சேர்க்கும் ஆளிடம் போக வேண்டும், அல்லது முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். அத்தானின் காரில் 20 பிரிவுகளின் வோல்ற்றளவும், ஓட்டத்தின்போதும் ஏற்றத்தின்போதும், ஒன்றோடொன்று நெருங்கியே இருந்தன. எனவே இப்போதைக்கு அதில் கைவைக்கவில்லை. அடுத்த கொழும்புப் பயணத்துக்குத் தாங்கியைத் திருகோணமலையிலேயே நிரப்பி, திரும்பி வந்து அதே பம்பில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்ப்பதென்றும், புறப்படும் நேரம் விடியற்காலை ஐந்து மணி என்றும் முடிவாகியிருக்கிறது.